உதட்டைப் பார்த்துப் பாடியவள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கென்டக்கி மலைக்குள்ளே ஓவிங்ஸ் ஃபோர்க் என்கிற ஊரில் இருபத்தேழு வருஷமாக மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறேன். மத்தியானம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம். ஒரு கையால் தயிர்சாதம், இன்னொரு கையால் தமிழ்க் கதை. சுற்றுவட்டாரத்தில் நூறு மைலுக்கு அதைப் படிக்க ஒரு ஆள் கிடையாது. ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். வீட்டில் யாருக்கோ உள்ள வியாதி மாதிரி, நாகரிகமாக விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள்.

போன ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை ஓலீட்டா புரூவிட் வந்தாள். எழுபத்தாறு வயது. என்ன மருந்துக்கு வந்தாள் என்று சொல்லமாட்டேன், சட்டம் விடாது. வாங்க வேண்டியதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"நீ எழுதறவதானே கண்ணு?"*

ஆமாம் என்றேன்.

"எம்மெட் டாலிவர் படத்துல என்னைப் பத்தித் தப்பா காட்டிட்டாங்க. நீ சரியா எழுது."

நான் தமிழில்தான் எழுதுவேன், இங்கே யாருக்கும் புரியாது, உங்களுக்கே புரியாதே மிஸ் ஓலீட்டா என்றேன்.

"பரவால்ல. எங்கியாவது ஒரு இடத்துல சரியா இருக்கட்டும்."

*அவள் சொன்னது 'ஹனி'. இந்த மலையில் பெண்பிள்ளைகள் தபால்காரரிலிருந்து நீதிபதிவரை எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'தேனே' என்று எழுதினால் சினிமாப் பாட்டாகிவிடும். எங்கள் கோபிசெட்டிபாளையத்துக் 'கண்ணு' சரியாகப் பொருந்தியது.

2

முதல் வரி எழுத ஒரு வாரம் ஆயிற்று. எழுதி அடித்தவை கீழே. மறைக்க ஒன்றுமில்லை.

'எம்மெட் டாலிவர் மேடையேறினால் மலைகள் காது கொடுக்கும்' (சீ. படத்தின் போஸ்டரில் ஏற்கெனவே ஏறக்குறைய இதுதான் இருக்கிறது.)

'அவள் அவனைக் காதலித்தாளா என்பது' (இது படம் கேட்ட கேள்வி. அதே கேள்வியில் ஆரம்பித்தால் அதே பதிலில்தான் போய் விழுவேன்.)

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு' (படத்தில் மழை பெய்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

சரி, அலங்காரமில்லாமல் சொல்கிறேன். எம்மெட் டாலிவர் எங்கள் மாவட்டத்தில் பிறந்த, கன்ட்ரி என்கிற நாட்டுப்புற மெட்டுப் பாடகன். இறந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நெடுஞ்சாலைக்கு அவன் பெயர், தண்ணீர்த் தொட்டியில் அவன் படம். இப்போது அவன் வாழ்க்கையைச் சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். அவனோடு பதினோரு வருஷம் இணைக்குரல் பாடியவள் ஓலீட்டா. ஒரே மைக். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள், நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவன் மெட்டுக்கு ஒரு படி மேலே இவள் குரல் கூடவே போகும். இசைத்தட்டில் பெயர் வராது. முன்வரிசைக்காரர்களுக்கு முகம்கூடச் சரியாகத் தெரியாது, பக்கவாட்டுத் தோற்றம்தான்.

அவளுக்கு ஒரு புருஷன். ஹோபர்ட் புரூவிட். மர அறுப்பு மில்லில் ரம்பம் தீட்டுகிறவர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் துணிகளை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். சண்டை இல்லை, சச்சரவில்லை, ஒரு வார்த்தை இல்லை. விவாகரத்தும் வாங்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார். வண்டியில் போனால் எட்டு நிமிஷம்.

ஊர் பேசியதை நம்பித்தான் அவர் போனார் என்று ஓலீட்டா முப்பத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஊர் பேசியது என்ன என்று உங்களுக்கே தெரியும். இப்போது அதையே பெரிய திரையில் வர்ணத்தில் காட்டிவிட்டார்கள். ஹோபர்ட் சாவதற்குள், அல்லது தான் சாவதற்குள், அது பொய் என்று அவருக்குத் தெரியவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

(ஓலீட்டாவை 'அவள்' என்றும் ஹோபர்ட்டை 'அவர்' என்றும் எழுதுகிறேன். திட்டமிட்டதல்ல. அவள் என்னை நெருங்கவிட்டாள், அவர் விடவில்லை.)

3

படம் பார்க்க அவள் தனியாகப் போனாள். ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி, பக்கத்து நகரத்தில், செவ்வாய்க்கிழமை மத்தியானக் காட்சி. கூட வர ஆள் இருந்தது, சர்ச்சில் நாலு பேர் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டாள். தன்னைத் தானே பார்க்கப் போகும்போது பக்கத்தில் ஆள் எதற்கு என்று நினைத்தாளாம்.

எம்மெட் குள்ளம், முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். திரையில் வந்தவன் ஆறடி, பல்வரிசை பீங்கான் கோப்பை அடுக்கினாற்போல. சரி, போகட்டும். எம்மெட் சாராயத்தைத் தொட்டதில்லை. கச்சேரி முடிந்ததும் ஒரு குவளை மோரில் சோளரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். திரையில் புட்டிபுட்டியாகக் குடித்தான். அதுவும் போகட்டும், மோர் குடிக்கிற நாயகனை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இணைக்குரல்காரி, பியானோக்காரனின் மனைவி, இசைத்தட்டுக் கம்பெனியில் கடிதம் தட்டச்சு செய்த பெண் என மூன்று பேரையும் பிசைந்து ரோஸ் என்று ஒருத்தியைச் செய்திருந்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் மைக் காட்சி வந்தது. ரோஸ் அவனையே பார்க்கிறாள். கண் நிறைந்து, உதடு நடுங்கி, பாட்டு முழுக்க அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த காட்சியில் மழை, பஸ், முத்தம். அதற்கடுத்ததில் பெரிய மீசையோடு ஒரு புருஷன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிகிறான்.

ஹோபர்ட் தட்டு எறிந்தவரல்ல, கழுவிக் கவிழ்த்து வைத்தவர். ஆனால் ஓலீட்டாவால் பொறுக்க முடியாதது தட்டு இல்லை, அந்தப் பார்வை. அது நிஜம். பழைய டிவி ஒளிப்பதிவைத் தேடி எடுத்துப் பார்த்து அப்படியே நடிக்கவைத்திருக்கிறார்கள். தலையின் சாய்வு, கண் போகிற இடம், எல்லாம் அச்சாக அவள்தான். படத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான், பொய் முழுவதும் அதிலிருந்துதான் முளைத்திருந்தது.

எனக்கு விளக்கினாள். எம்மெட் எந்த வரியையும் இரண்டு நாள் ஒரே மாதிரி பாடமாட்டான். இன்றைக்கு இழுத்த சொல்லை நாளைக்கு விழுங்குவான். இணைக்குரல் அவனோடு வாயைத் திறந்து அவனோடு மூடவேண்டும்.

"அவன் சொல்லை முடிச்சப்புறம் நான் முடிச்சேன்னு வெய்யி, மைக்குல பாம்பு சீறுன மாதிரி கேக்கும். அதனால உதட்டைப் பாக்கணும். கண்ணைச் சிமிட்டுனா போச்சு. பதினோரு வருசம் நான் பாத்தது அவன் மூஞ்சி இல்ல கண்ணு, ரெண்டு உதடும் ஏறிக்கிட்ட பல்லும்."

இணைக்குரல் பாடுகிற எவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். எதிரே உட்கார்ந்து பார்க்கிற ஜனத்துக்கு மட்டும் அது காதலாகத் தெரியும். படம் எடுத்தவர்களும் ஜனம்தானே.

பஸ்ஸில் எம்மெட் அவளோடு என்ன பேசுவான் என்று கேட்டேன். அந்த ஜன்னல் திறந்திருக்கா என்று ஒருதரம் கேட்டான் என்றாள். வேறே? நினைவில்லை என்றாள்.

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. கதாசிரியருக்கு வரவேண்டிய சந்தேகம்தான். படம் வந்தது மார்ச் கடைசியில். என்னிடம் வந்தது ஏப்ரல் மூன்றாவது வாரம். நடுவில் மூன்று வாரம் என்ன செய்தாள்?

கேட்டேவிட்டேன். கவுன்ட்டர் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னாள். படம் வந்ததும் ஜனம் அவள் வீட்டைத் தேடி வந்தது. கேக் வந்தது, பூ வந்தது. பெட்ரோல் பங்கில் ஒரு சின்னப்பெண் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம், நீங்கள் நேசித்த மாதிரி ஒருத்தரை நேசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்கார ஆள் போட்டி போட்டது. முப்பத்தெட்டு வருஷமாக அந்த பெஞ்சில் அவள் கைப்பைதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

"இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. நல்லா இருந்துச்சு கண்ணு."

பாவமாக இருந்தது. பொய்யை ஒப்புக்கொண்டால் பெஞ்சு நிறைகிறது, உண்மையைச் சொன்னால் திரும்பவும் கைப்பைதான். அப்படியிருந்தும் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறாள், ஒரே ஒரு ஆளுக்காக.

(நானும் யோக்கியம் இல்லை. இதையும் சொல்லிவிடவேண்டும். ஓலீட்டாவுக்கு ஒரு தங்கை உண்டு, கதையில் இடைஞ்சலாக இருந்ததால் எடுத்துவிட்டேன். ஊர்ப் பெயர் மாற்றியது. பெட்ரோல் பங்கில் அழுதது சின்னப்பெண் இல்லை, அறுபது வயதுப் பள்ளிக்கூட ஆசிரியை. சின்னப்பெண் என்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. 'எங்கியாவது ஒரு இடத்துல சரியா இருக்கட்டும்' என்று என்னை நம்பி ஒருத்தி சொன்னாள். நான் செய்திருக்கிற காரியத்தைப் பாருங்கள். அந்த இயக்குநரை இனி நான் எந்த வாயால் திட்டுவேன்.)

5

மே மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஊர் நூலகத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். படம் முடிந்ததும் ஓலீட்டா இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று ஏற்பாடு. ஹோபர்ட்டின் அண்ணன் மகள் மூலமாக இவள் சொல்லி அனுப்பியிருந்தாள். வருவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வந்தார். சலவை மடிப்போடு சட்டை, கையில் தொப்பி, கடைசி வரிசையில் ஓரமாக. எண்பது வயது ஆள் இரண்டு மணி நேரம் அசையாமல் படத்தைப் பார்த்தார்.

ஓலீட்டா எழுந்து போய் நின்றாள். நூலகர் அம்மாள் எல்லாரும் கேட்க நினைத்ததைத் தானே கேட்டாள்: எம்மெட்டை நீங்கள் உண்மையிலேயே நேசித்தீர்களா?

"இல்லீங்க. அது என் வேலை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவள் விடவில்லை. நூலகரையே பக்கத்தில் நிற்கவைத்து, அந்த அம்மாளுக்குத் தெரிந்த சர்ச் பாட்டைப் பாடச் சொன்னாள். அந்த அம்மாள் கண்டபடி இழுத்து, கண்டபடி நிறுத்திப் பாடினாள். ஓலீட்டா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு மேல்குரலில் கூடவே போனாள், ஒரு மயிரிழை பிசகில்லை. அதே சாய்வு, அதே கண். படத்தில் பார்த்த அந்தக் காதல் பார்வை, இப்போது மூக்குக்கண்ணாடி போட்ட நூலகர்மேல்.

ஜனம் சிரித்தது, பிறகு கைதட்டியது. கைதட்டலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. கொண்டுவந்த பூவை ஒருத்தி திரும்ப எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

6

நூலகத்துக்குப் பின்னால் ஹோபர்ட் தன் டிரக் கதவில் சாய்ந்து நின்றார். ஹோபர்ட்டைக் கண்டதும் ஓலீட்டா நேரே போய் எதிரே நின்றாள். கேக் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் வந்த என்னைப் பார்த்து ஹோபர்ட் தலையசைத்தார். நான் நகர்ந்திருக்கவேண்டும், நகரவில்லை, ஹோபர்ட்டும் போகச் சொல்லவில்லை.

"கேட்டியா ஹோபர்ட்?" என்றாள். ஹோபர்ட் கேட்டேன் என்றார்.

"வேலைதான்னு எனக்கு அப்பவே தெரியும் அம்மிணி," என்றார் ஹோபர்ட். "நான் ரம்பம் தீட்டறவன். வேலை பாக்கற கண்ணு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா."

அப்படியானால் ஏன் போனாய் என்று ஹோபர்ட்டைக் கேட்டாள். ஹோபர்ட் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஹோபர்ட் பேச ஆரம்பித்தபோது குரலில் கோபமே இல்லை.

"வீட்டுக்கு வருவ. ரெண்டு நாள் இருப்ப. நான் பேசுவேன். நாய் குட்டி போட்டுச்சு, ஆத்துல தண்ணி ஏறிருச்சு, அண்ணனுக்கு இடுப்புல அடின்னு. நீ உம் கொட்டுவ. கழுத்து மைக்குல நின்ன மாதிரி அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். நான் பேசறப்ப ஒருநாள்கூட நீ என் வாயைப் பாத்ததில்ல."

ஓலீட்டா ஹோபர்ட்டின் பெயரைச் சொன்னாள், அதற்குமேல் வரவில்லை. ஹோபர்ட் காத்திருந்து பார்த்தார்.

"காதலா இருந்திருந்தா அந்த ஆளோட சண்டையாவது போட்டிருப்பேன்," என்றார் ஹோபர்ட். "வேலையோட எப்பிடிச் சண்டை போடறது?" டிரக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹோபர்ட் கண்ணாடியை இறக்கினார். "படத்துல அந்தாளு தட்டை எறியறானே, அது நல்லா இருந்துச்சு. நானும் ஒண்ணு எறிஞ்சிருக்கலாம்."

ஹோபர்ட் போய்விட்டார்.

7

என் காரில்தான் அவளை வீட்டில் விட்டேன். இறங்கும்போது, அப்போ படத்தில் காட்டினதுதான் சரியோ என்று கேட்டாள். படத்தில் ஒரு சங்கதியும் சரியில்லை மிஸ் ஓலீட்டா என்றேன். அது எனக்கும் தெரியும் என்றாள். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"நூலகத்தோட முடிச்சிரு கண்ணு. வெளிய நடந்ததை எழுதாத."

சரி என்றேன். அவள் நினைத்துக்கொண்டிருந்தது முப்பத்தெட்டு வருஷத்துக் கணக்கு. ஊர் பேச்சைக் கேட்டு ஒருத்தர் தன்னைத் தப்பாக நினைத்துவிட்டார் என்பது துக்கம்தான், ஆனால் அதில் சாய்ந்து உட்கார இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

ஆனாலும் எழுதினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியம்தான், வேறென்ன. உங்களில் யாருக்காவது இது துரோகம் என்று பட்டால் எனக்கு மறுப்பில்லை. ஐந்தாம் பகுதியில் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டு ஆறை நீங்கள் படிக்காததுபோல வைத்துக்கொள்ளலாம். அவள் கேட்ட முடிவு அதுதான்.

அல்லது இப்படி முடிக்கலாம்: மறுவாரம் ஓலீட்டா எட்டு நிமிஷம் வண்டி ஓட்டிப் போய், ஹோபர்ட்டின் சமையலறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து (இல்லை. அவள் போகவில்லை. போயிருந்தால் திங்கட்கிழமை அந்த முகத்தோடு கடைக்கு வந்திருக்கமாட்டாள்.)

அல்லது: இலையுதிர்காலத்தில் ஹோபர்ட் இறந்துபோகிறார், அவள் (வேண்டவே வேண்டாம். அவர் நன்றாக இருக்கிறார். இரண்டு பேர் மருந்துப் பையும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் என் அலமாரியில் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தொங்குகின்றன. இதை மட்டும் சொல்வதில் சட்டத்துக்கு ஆட்சேபம் இருந்தால் பார்த்துக்கொள்கிறேன்.)

ஜூனில் அவள் வந்து, எழுதி முடித்தாயா, படித்துக் காட்டு என்றாள். உங்களுக்குப் புரியாதே என்றேன். புரியவேண்டாம், கேட்கிறேன் என்றாள். மத்தியானம் ஒரு மணிக்குப் பின்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தமிழிலேயே படித்தேன். கென்டக்கியில் என் கதையைக் கேட்ட முதல் ஆள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐந்தாம் பகுதி முடிந்ததும் தாளை மடித்து, அவ்வளவுதான் என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கடைசில ஹோபர்ட் பேரையே காணோமே."

நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றேன். ஆமாம் என்றாள். போய்விட்டு மறுநாள் வந்தாள்.

"வெளிய நடந்ததையும் எழுதிட்டேதானே? உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அதையும் படி. எனக்கு ஒண்ணும் புரியப்போறதில்ல. அவன் பேரு வர்றது மட்டும் கேக்கும்."

எடுத்துப் பார்த்தேன். ஆறாம் பகுதி முழுக்க நான் 'அவர்', 'அவர்' என்றே எழுதியிருந்தேன். பெயர் ஒரே ஒரு தரம்தான் வந்திருந்தது. நாளைக்குப் படிக்கிறேன் மிஸ் ஓலீட்டா என்று அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் கடையைப் பூட்டுமுன் அத்தனை 'அவரை'யும் அடித்து ஹோபர்ட் ஆக்கினேன். நடை கெட்டுவிட்டது, தெரியும். படிக்கும்போது உங்களுக்கும் இடறியிருக்கும். கெட்டால் கெட்டுப் போகிறது.

மறுநாள் படித்தேன். ஒவ்வொரு தரமும் அவள் லேசாக வாயசைத்தாள். முடிந்ததும், ஹோபர்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும், நீ எழுதறவதானே, சொல்லு என்றாள். மூன்று பதில் எழுதிப் பார்த்தேன், மூன்றும் சினிமா வசனம். கிழித்துவிட்டேன்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். அவள் இன்னும் எட்டு நிமிஷத் தூரத்தில் பதிலில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்ன தோன்றுகிறதோ எழுதி அனுப்புங்கள், நான் படித்துக் காட்டுகிறேன். தமிழிலேயே எழுதலாம், ஒரு வரியானாலும் சரி. அவர் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.